குரல் போன பிறகு எழுதியவை

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்தக் கூரைமேல் மழை கொட்டுகிற கொட்டில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தேன். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தியே பாடம் நடத்திப் பழகிவிட்டேன். அக்கம்பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள், தங்கள் பிள்ளைகளும் என் பாடத்தைத்தான் கவனிக்கிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள்.

மழை நாளில் மின்சாரம் போய்விடும். மஞ்சு, அதாவது மூடுபனி, ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும், கரும்பலகை தெரியாது. அப்போது கதை சொல்வேன். பாடம் நடத்த முடியாத நேரத்தைக் கழிக்க வேறு வழி தெரியாததால் சொன்ன கதைகள். எழுத வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை.

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் தொண்டை கட்ட ஆரம்பித்தது. சளி என்று நினைத்து மிளகுப் பால் குடித்தேன். கட்டினது விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று மட்டும்தான் வரும். மதுரையில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் காய்ப்புக் காய்த்திருப்பதாகச் சொன்னார். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் வருகிற காய்ப்பு மாதிரி. நான் பயந்த நோய் இல்லை என்று கேட்டதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்ததாக, சில மாதங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, கிசுகிசுவென்று பேசுவதுகூடக் கூடாது என்றார்.

என் கணவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஏறி இறங்குகிற வேலை. ஊருக்குத் திரும்புகிற வழியில் என்னை அவர் பஸ்ஸிலேயே உட்கார வைத்துக் கூட்டி வந்தார். தெரிந்தவர்கள் ஏறினால் நலம் விசாரிப்பார்கள். நான் பதில் சொல்லாமல் சிரிப்பேன். அவர் சீட்டுக் கிழித்துக்கொண்டே, "டீச்சருக்கு பேச்சு லீவு விட்டிருக்கு" என்று எனக்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். அதில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. சண்டைகூட அதில்தான். நான் கோபமாக எழுதி முடிப்பதற்குள் அவர் குளிக்கப் போயிருப்பார்.

விடுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்ததாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு அவர்களில் ஒருத்தி விஷயத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண், வில்பட்டிப் பாதையில் இருந்த குடியிருப்பிலிருந்து வருகிறவள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. அவள் அப்பா காய்கறி லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அம்மா கேரட், பூண்டு வயல்களில் கூலி.

"டீச்சர், அந்தக் குதிரை என்னாச்சு?" என்றாள்.

எனக்கு மறந்தே போயிருந்தது. பேச்சு போவதற்கு முன் ஒரு மழை நாளில் பாதியில் விட்ட கதை. ஏரிக்கரையில் சவாரிக்கு ஓடும் வெள்ளைக் குதிரை ஒன்று மஞ்சில் வழி தவறிச் சோலைக்காட்டுக்குள் போய்விடுகிறது. குதிரைக்காரரின் மகள் அதைத் தேடிப் போகிறாள். கதை அந்த இடத்துக்கு வந்தபோது பள்ளி மணி அடித்துவிட்டது. அதற்கப்புறம் நான் பள்ளிக்கே போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரும்படி சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அந்த வாரம் முழுவதும் பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் கதையை எழுதினேன். வாயால் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இழுக்கலாம், குறைக்கலாம். தாளில் எழுதும்போது முகம் எதுவும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். மலையை வர்ணித்தேன். மஞ்சு எப்படி உண்டாகிறது என்று விளக்கினேன். பெரியவர்களிடம் சொல்லாமல் காட்டுக்குள் போவது எவ்வளவு தவறு என்று அரைப்பக்கம் எழுதினேன். டீச்சர் அல்லவா.

பிள்ளைகள் வந்தார்கள். ஒல்லிப் பெண் தாள்களை வாங்கி மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். ஒரு பக்கம் போனதும்தான் கவனித்தேன், அவள் தாண்டுகிறாள். "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்" என்று நான் தொடங்கியிருந்த வர்ணனையை அவள் வாய் தொடவே இல்லை. கண் அதன்மேல் ஓடிற்று, விரல் கீழே இறங்கிற்று, நேராகக் குதிரையின் குளம்புத் தடத்துக்கு வந்துவிட்டாள். அறிவுரை அரைப்பக்கமும் அப்படியே காணாமல் போயிற்று. கை தட்டி நிறுத்தலாமா என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஆனால் மஞ்சு எப்படி வருகிறது என்ற இடத்தை அவள் தாண்டவில்லை. மெதுவாகப் படித்தாள். ஒரு பையன் திரும்பப் படிக்கச் சொன்னதும் இரண்டாவது தடவையும் படித்தாள். பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மஞ்சாகிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குக் கதையாகவே இருந்தது. குதிரை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அதை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு தாள்களை எடுத்து, அவள் தாண்டிய இடங்களை நினைவிருந்த மட்டும் கோடு போட்டு அடித்தேன். கதை நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. கம்பளத்தை எழுத வெகுநேரம் யோசித்திருந்தேன்.

குரல் திரும்பி வந்தது, ஆனால் பாதிதான். ஓர் அறைக்குள் இரண்டு பேரிடம் பேசப் போதும். தகரக் கூரைக்கு அடியில் ஐம்பது பிள்ளைகளுக்குப் போதாது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை நூலகப் பொறுப்பில் இருக்கலாமே என்று கேட்டார். வகுப்புச் சத்தத்தைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வாசித்தார்கள். சிலர் வராமல் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். ஒல்லிப் பெண் மட்டும் விடாமல் வந்தாள்.

ஒரு சிறுவர் பத்திரிகையில் என் சிறுகதைகள் சில வந்த பிறகு, குதிரைக் கதையைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் சம்மதித்தார். சென்னைக்காரர். ஒரு நாள் போன் செய்தார். போனில் என் குரல் எடுபடாது. என் கணவர்தான் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசியில் நீதி இல்லையே என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். நீதி இல்லாவிட்டால் பள்ளிகளில் வாங்க மாட்டார்களாம். கணவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்ன சொல்ல என்று பார்த்தார். குதிரை கிடைத்துவிட்டதே, அது போதாதா என்று கிசுகிசுத்தேன். அவர் பஸ்ஸில் சில்லறைத் தகராறைத் தீர்க்கிற குரலில் சொன்னார்: "குதிரை கெடச்சிருச்சுல்லங்க. அதுக்கு மேல பிள்ளைகளுக்கு என்னங்க வேணும்?"

எப்படியோ பதிப்பாளர் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் படங்கள் வந்தன. வரைந்தவர் சென்னையில் இருந்த ஒரு இளம்பெண். கோடுகள் அவ்வளவு உயிரோடு இருந்தன. ஆனால் ஏரிக்கரையில் தென்னை மரம் நின்றது. பெண் பிள்ளை வெறுங்காலோடு பாவாடை சட்டையில் ஓடினாள். கொடைக்கானல் குளிரில் அப்படி ஓடினால் அடுத்த நாள் ஜன்னி கண்டு படுக்க வேண்டியதுதான். நான் தயங்கித் தயங்கி எழுதினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை, தானே மலைக்கு வருவதாகச் சொன்னாள். என் கணவரின் பஸ்ஸிலேயே வந்தாள். வளைவுகளில் பாதி வழி வாந்தி. அவர் முன்சீட்டில் உட்கார வைத்து எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துக் கூட்டி வந்தார்.

இரண்டு நாள் அவள் கண்ணுக்கு மஞ்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதையே வரைந்தாள். மூன்றாம் நாள் சனிக்கிழமை, பிள்ளைகள் வந்தார்கள். கதையில் வருகிற பெண்ணுக்காக ஒல்லிப் பெண்ணை உட்கார வைத்து வரையத் தொடங்கினாள். கதையில் அந்தப் பெண்ணின் ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்திருக்கும். அப்படித்தான் எழுதியிருந்தேன். குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புது ஸ்வெட்டர் எங்கிருந்து வரும்? ஓவியர் முழங்கைக் கிழிசலைப் போடும்போது ஒல்லிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கிழிசல் வேணாம்க்கா," என்றாள்.

கதையில் அப்படித்தான் இருக்கிறது என்று ஓவியர் சொன்னாள். "கதையில இருக்கட்டும். படத்துல வேணாம். படத்தை எல்லாரும் பாப்பாங்க" என்றாள் ஒல்லிப் பெண்.

அவள் அன்று போட்டிருந்த ஸ்வெட்டரின் முழங்கையில் கிழிசலைத் தைத்த நூல் வேறு நிறத்தில் இருந்தது. நான் அதை அப்போதுதான் பார்த்தேன். உண்மையை எழுத வேண்டும் என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஓவியர் என்னைப் பார்க்கவே இல்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு முழங்கையை முழுசாக வரைந்தாள். அதற்குமேல் ஒரு பூவும் போட்டாள்.

புத்தகத்தில் அப்படியே வந்தது. எழுத்தில் கிழிந்த ஸ்வெட்டர், படத்தில் பூப்போட்ட ஸ்வெட்டர். படித்த பிள்ளைகள் பலர் தப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு எழுதினார்கள். அடுத்த பதிப்பில் எழுத்தை மாற்றலாமா, படத்தை மாற்றலாமா என்று பதிப்பாளர் கேட்டார். இரண்டையும் விட்டுவிடச் சொன்னேன். இரண்டுமே உண்மைதான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஒன்று அவளிடம் இருந்தது, மற்றது அவள் ஆசைப்பட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் அப்புறம் சில வந்தன. அதற்குள் ஒல்லிப் பெண் வளர்ந்து, மிஷன் நடத்திய பெரிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை வருவது குறைந்துவிட்டது. ஒரு நாள் வந்து என் மேசையில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் குதிரைதானா டீச்சர்?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். குதிரைக் கதை படிக்கிற வயது தனக்குத் தாண்டிவிட்டது, வாரப் பத்திரிகையில் வருவதெல்லாம் மாமியார் மருமகள் கதை, அதற்கு இன்னும் வயது வரவில்லை, நடுவில் இருக்கிற தன்னைப் போன்றவர்கள் எதைத்தான் படிப்பது என்றாள்.

பதிப்பாளரிடம் சொன்னேன். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் கைடுதான் வாங்கிக் கொடுப்பார்கள், கதைப் புத்தகம் யார் வாங்கிக் கொடுப்பார் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

நாவலின் கதை இதுதான். குடியிருப்பிலிருந்து ஊருக்குள் பெரிய பள்ளிக்கு வந்து சேரும் ஒரு பெண். அங்கே மற்ற பிள்ளைகள் பாதி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இவள் அம்மா தேநீரைத் தேத்தண்ணி என்பாள், வீட்டு வரிசையை லயம் என்பாள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருகிறாள். யார் என்று தோழி கேட்டதும், பக்கத்து வீட்டம்மா என்று இவள் சொல்லிவிடுகிறாள். அம்மாவின் காதில் அது விழுந்துவிடுகிறது. நான் எழுதிய முதல் படியில், அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடக்கிறாள். மகள் பின்னாலேயே போகிறாள், மனம் வருந்துகிறாள். அந்த மௌனத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்த பக்கம் என்று நினைத்தேன்.

பள்ளி வாசலில் எத்தனையோ வருடங்களாகப் பார்த்ததை வைத்துத்தான் எழுதினேன், ஒரு குடும்பத்தைக் குறித்து அல்ல. ஆனாலும் பேச்சு வழக்கெல்லாம் அவர்களுடையது. அதனால் ஒல்லிப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

சில நாள் கழித்து, காலை வெள்ளனே கதவு தட்டுகிற சத்தம். அவள் அம்மா நின்றிருந்தாள். வயலுக்குப் போகிற வழி, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. உள்ளே வரச் சொன்னேன். சேறு என்று சொல்லி வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். கோபத்தோடு வந்திருக்கிறாள் என்று நினைத்து, அது உங்கள் மகள் கதை இல்லை என்று என் பாதிக் குரலில் ஆரம்பித்தேன். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். கதை பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு இடம்தான் தனக்கு ஒத்துவரவில்லை.

"அந்தப் பொம்பள ஏன் டீச்சர் பேசாம போறா?"

மனசு உடைந்துபோய்விட்டது, வார்த்தை வரவில்லை என்று நான் விளக்கினேன்.

"மனசு ஒடைஞ்சா வாயுமா ஒடையும்?" என்றாள். "எம்மக அப்படிச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் சும்மா வந்திருக்க மாட்டேங்க."

என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். ஆவலோடுதான் கேட்டேன், பேனா எங்கே இருக்கிறது என்றுகூடக் கண் தேடிற்று. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது உங்க சோலி டீச்சர். அவ பேசுவா. என்ன பேசுவான்னு நீங்கதான் எழுதணும்." வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வெரசாக இறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் எனக்கு எழுத ஓடவில்லை. நான் பேச முடியாமல் இருந்த மாதங்களை நினைத்துக்கொண்டேன். பேசாதிருப்பது பெரிய மனது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கடைக்காரர்கூட என்னிடம் பணிவாக நடந்தார். உள்ளே எனக்கு எத்தனை பதில்கள் இருந்தன என்று யாருக்குத் தெரியும்? சிலேட்டில் எழுதுவதற்குள் ஆள் போய்விடுகிற கோபம் எனக்குத் தெரிந்த கோபம். அதைத் தெரிந்த நானே ஒரு பெண்ணைப் பேசாமல் நடக்க வைத்து, அதை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

மறுபடி எழுதினேன். முதலில் கதையில் வருகிற அம்மா இரண்டு பக்கம் பேசினாள். கப்பலில் வந்தது, மண்டபம் முகாமில் கிடந்தது, மலையேறியது, குளிரில் கேரட் கழுவிக் கை மரத்தது எல்லாம் சொன்னாள். ஒல்லிப் பெண் எடுத்துப் போய் வாசித்துக் காட்டினாள். தன் அம்மாவின் பதிலோடு திரும்பி வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் இம்புட்டு பேச யாருக்கு நேரம் இருக்கிறது என்றாளாம். அத்தனையையும் ஒரு பிள்ளை நடுரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்குமா என்றும் கேட்டாளாம்.

குறைத்தேன். ஒரு பக்கமாயிற்று. அரைப்பக்கமாயிற்று. மாதங்கள் ஓடின. கடைசியில் நின்றது இவ்வளவுதான். வழியில் அம்மா நின்று திரும்புகிறாள். "நீ என்னைத் தெரியாதுன்னுட்ட. சரி. நான் ஒன்னத் தெரியாதுன்னு சொன்னா, நீ எந்த வீட்டுக்குப் போவே?" மகள் பதில் சொல்வதற்கு முன், "வா, மழை வருது" என்று அவளே முன்னால் நடக்கிறாள்.

அதற்கு அந்த அம்மா என்ன சொன்னாள் என்று ஒல்லிப் பெண்ணிடம் கேட்டேன்.  மகள் வாசித்து முடித்ததும், அடுத்தது என்ன என்று கேட்டாளாம்.

புத்தகம் வந்தபோது அதை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. சிறுவர் பகுதியில் வைத்தால் தடிமனாக இருக்கிறது என்றார்கள், நாவல் பகுதியில் வைத்தால் பெரியவர்கள் எடுக்கவில்லை. மெதுவாகத்தான் போயிற்று. சில ஆசிரியைகள் தாங்களே வாங்கி வகுப்பில் வைத்தார்கள். அப்படித்தான் கை மாறியது. ஒல்லிப் பெண் பன்னிரண்டாவது முடித்துத் திண்டுக்கல்லில் நர்ஸிங் சேர்ந்தாள். ஹாஸ்டலில் அந்தப் புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை என்று வேறு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆயக்குடியில் ஒரு பள்ளிக்கு என்னை அழைத்திருந்தார்கள். மைக் பிடித்தால் என் குரல் சமாளித்துவிடும். பேசி முடித்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். எவ்வளவு நாளில் எழுதினீர்கள், குதிரைக்கு என்ன பேர் என்பது மாதிரியான கேள்விகள். கூட்டம் கலைந்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். அவள் வீட்டில் கொய்யாத் தோப்புக் குத்தகை எடுத்து வியாபாரம் பார்க்கிறார்கள் என்று அந்தப் பள்ளி டீச்சர் ஒருவர் சொன்னார். நாவலைப் படித்திருந்தாள்.

அம்மா கேட்ட கேள்வி நன்றாக இருக்கிறது என்றாள். எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்கிறார்களாம். "ஆனா அந்தப் பிள்ளை செஞ்சது முழுத் தப்புன்னு எனக்குத் தோணல டீச்சர். அவளுக்குப் பயம். பயத்துல சொல்லிட்டா. அவ பயத்தை யாரும் கேக்கவே இல்லையே."

 அம்மாவுக்குப் பேச்சு கொடுப்பதற்காக அத்தனை மாதம் உழைத்ததில், மகள் பக்கம் திரும்பிப் பார்க்கவே மறந்துபோயிருந்தேன். சரிதான் என்று அவளிடம் சொன்னேன். நீ எதற்குப் பயப்படுவாய் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, வகுப்புக்கு ஓடினாள்.

பழனி வழியாக மலையேறுகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பள்ளியில் கொடுத்த கொய்யாப் பழங்கள் மடியில் இருந்தன. நாவலில் தோழி யார் என்று கேட்ட அந்த ஒரு நொடியை மறுபடி நினைத்துப் பார்த்தேன், இந்தத் தடவை மகளின் பக்கத்தில் நின்று. எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, குளிர ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்தினேன்.